கரிச்சானின் ஐம்பத்தைந்து மீட்டர்

மே 11, திங்கள்

இது வேலைப் பதிவு. தேதி, வேலை, பிழை, திருத்தம். வேறு எதுவும் இதில் வராது.

கொன்னையேந்தல் கண்மாய், சிவகங்கைப் பக்கம். நூற்றெண்பது ஏக்கர். இப்போது வறண்டு வெடித்துக் கிடக்கிறது. ட்ரோனை மேலே விட்டுப் படம் எடுத்து, தரை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று வரைபடம் போட்டு, எவ்வளவு வண்டல் வெட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஜூன் 5க்குள் வரைபடம் மாவட்ட அலுவலகம் போய்ச் சேர்ந்தால் இந்த வருடமே தூர் வாருவார்கள். சேராவிட்டால் அடுத்த வருடம். போன வருடம் வரைபடம் போகாமல்தான் பட்டியலிலிருந்து ஊரின் பெயரை அடித்துவிட்டார்களாம். சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஆரம்பித்த பிறகு எனக்கு இது முதல் வேலை. கையில் இருப்பது ஒரே ஒரு ட்ரோன்.

மேற்பார்வைக்கு ஓர் உதவிப் பொறியாளர் வந்திருந்தார். பெண். என் வயதுதான் இருக்கும். அடையாள அட்டையில் மீனலோசனி என்று இருந்தது. ஜீப்பிலிருந்து முக்காலியையும் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவலையும் இறக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், இதெல்லாம் மியூசியத்துல இருக்க வேண்டிய பொருள்," என்றேன்.

"நீங்க எத்தன நாள்ல முடிப்பீங்க?"

"மூணு நாள்."

"எழுதிக் குடுங்க சார்."

எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்த மாதிரி இருந்தது. காரணம் தெரியவில்லை.

மே 12, செவ்வாய்

முதல் பறத்தல், காலை 7.10. பெரிய மடைக்குப் பக்கத்தில் ஒரு நாட்டுக் கருவேல மரம் நிற்கிறது. கண்மாய்க்குள் நிழல் என்று இருப்பது அது ஒன்றுதான் என்பதால் லேப்டாப்பை அதன் அடியில் வைத்து, அங்கிருந்தே ட்ரோனை ஏற்றினேன்.

ஆறாவது நொடி. மேலிருந்து கறுப்பாக ஒன்று விழுந்தது. காக்கையில் பாதிகூட இல்லை. வால் மட்டும் நீளம், நுனியில் கவையாகப் பிளந்திருந்தது. ட்ரோனை முதுகில் அடித்தது, சுற்றியது, மறுபடி அடித்தது. இறக்கிவிட்டேன். நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் அடி.

மரத்தடியில் ஓர் அம்மா முப்பது ஆடுகளோடு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் சோலையம்மா. ஆடுகள் போதாதென்று கூடையில் ஒரு தாய்க் கோழியையும் பதினொரு குஞ்சுகளையும் கொண்டுவந்து அங்கே திறந்துவிட்டிருந்தார்.

"தம்பி, அது ரெட்டவாலு. கரிச்சான். மரத்துல கூடு வச்சிருக்கு. ஒங்க காத்தாடிய அங்குட்டுக் கொண்டு போங்க."

"காத்தாடி இல்லக்கா, ட்ரோன். கோழிய ஏன் இங்க கொண்டாந்திருக்கீங்க?"

"கரிச்சான் கூடு இருக்குற எடத்துல பருந்து எறங்காது. எங்க ஊருல இந்த ரெண்டு மாசமும் குஞ்சுக் கோழியெல்லாம் இந்த மாதிரி மரத்தடியிலதான் வளரும்."

"என்னோடது பருந்து இல்லையே."

"அத என்கிட்டச் சொல்லி? அதுகிட்டச் சொல்லுங்க."

பறவைக்குப் பழக்கமாக இரண்டு நாள் ஆகும் என்று மதிப்பிடுகிறேன்.

மே 13, புதன்

பழக்கமாகவில்லை.

காலையில் இர்ஷாதிடமிருந்து குரல் செய்தி. கல்லூரியில் என் அறைத்தோழன். இப்போது டெக்சஸில் மின்கம்பங்களை ட்ரோன் வைத்துப் பரிசோதிக்கிறான்.

"டேய் பரணி, இங்கயும் இதே கூத்துதான்டா. கிங்பேர்டுன்னு ஒண்ணு. நாப்பது கிராம்தான் இருக்கும். பருந்து முதுகுல ஏறி உக்காந்து கொத்துது. அறிவியல் பேரு என்ன தெரியுமா? டைரன்னஸ். கொடுங்கோலன். ட்ரோன் மேல பெருசா ரெண்டு கண்ணு ஒட்டு. எனக்கு சரியா வந்துச்சு."

கூடவே வீடியோ. சாம்பல் தலை, மஞ்சள் வயிறு. கோபம் வந்ததும் உச்சந்தலையில் ஒளித்து வைத்திருந்த செம்மஞ்சள் கீற்றை விரித்துக் காட்டுகிறது. மற்றபடி நம் ஆள் செய்வதை அப்படியே செய்கிறது. மானாமதுரை போய் ஸ்டிக்கர் வாங்கிவந்தேன்.

மே 14, வியாழன்

கண் ஒட்டினேன். கரிச்சான் கண்ணைக் குறிபார்த்து அடித்தது. முன்பு பரவலாக அடித்துக்கொண்டிருந்தது. இப்போது இலக்குக் கொடுத்திருக்கிறேன்.

மீனலோசனி மேடம் ஜீப்பில் வந்தார். கையில் பறவைப் புத்தகம். இர்ஷாதின் வீடியோவைக் காட்டினேன்.

"சார், இது அமெரிக்காக்காரன். கனடாலருந்து அர்ஜென்டினா வரைக்கும் இருக்கு. கடல் தாண்டி இந்தப் பக்கம் கூடு கட்டினதில்ல. நம்மளது ஈரான்லருந்து ஜாவா வரைக்கும். குடும்பமே வேற."

"ரெண்டும் உச்சியில உக்காருது. பறந்துக்கிட்டே பூச்சி புடிக்குது. தன்னவிடப் பெருச அடிக்குது. ஒரே ஃபோல்டர்ல போட வேண்டியதுதான?"

"செய்ற வேலைய வச்சு சொந்தம் முடிவாகுமா சார்? நீங்களும் எடத்த அளக்குறீங்க, நானும் அளக்குறேன். அதுக்காக..."

டிரைவர் ஹார்ன் அடித்தார். மேடம் போய்விட்டார். மீதி வாக்கியம் என்னவென்று தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இனம் பிரிப்பவர்கள் எலும்பையும் மரபணுவையும் பார்த்துப் பிரிக்கிறார்களாம். ரெட்டைவால் குருவி என்கிறார்கள், குருவி இல்லை. ஆங்கிலத்தில் ராஜாக் காக்கை என்று ஒரு பெயர் உண்டாம், காக்கையும் இல்லை. என் துறையில் ஒரு கோப்புக்கு இப்படி மூன்று பெயர் வைத்தால் வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

மே 16, சனி

அடி 9. படம் 0.

மே 19, செவ்வாய்

மூன்று நாள் வேலை ஒன்பதாவது நாளில் இருக்கிறது.

இன்று ட்ரோனின் விசிறி ஒன்று உடைந்து, சேற்றுக் குழியில் விழுந்தது. கண்மாய் முழுக்கக் காய்ந்திருக்க, மடை வாயில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குச் சேறு. அதில் போய் விழுந்தது. சோலையம்மா அக்கா ஆட்டுத் தொரட்டியால் இழுத்துக் கொடுத்தார்.

"பறவைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

"தெரியலக்கா. விசிறி வாங்கினா சரியாகிடும்," என்றேன்.

பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு இறக்கையும் சரியாக விரிகிறது. வால் முழுசாக இருக்கிறது. வாயோரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருப்பதை இன்றுதான் கவனித்தேன். நாற்பது நிமிடம் பார்த்தேன். விசிறி மாட்டும்வரை வேறு வேலை இல்லை என்பதால் பார்த்தேன்.

மே 21, வியாழன்

முன்பே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். ட்ரோன் ஒவ்வொரு நொடியும் தான் இருந்த இடத்தைப் பதிந்துகொள்ளும். எந்தெந்த நொடியில் அடி விழுந்து குலுங்கியதோ அந்த இடங்களை மட்டும் பிரித்து வரைபடத்தில் புள்ளி வைத்தேன். நாற்பத்தொரு புள்ளி. ஒரு புள்ளிகூட வெளியே சிதறவில்லை. அச்சு அசலாக ஒரு வட்டம். ஆரம் ஐம்பத்தைந்து மீட்டர். மையம் எங்கே என்று கணக்குப் போட்டேன். கருவேல மரத்தின் கிழக்குக் கிளை. போய் அண்ணாந்து பார்த்தேன். அந்தக் கிளையின் கவட்டில் ஒரு கிண்ணம் மாதிரி கூடு.

"அக்கா, கூடு எங்க இருக்குன்னு கண்டுபுடிச்சிட்டேன்," என்றேன்.

சோலையம்மா அக்கா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாந்தான் மொத நாளே சொன்னேனப்பா."

"நீங்க மரத்தைச் சொன்னீங்க. நான் கிளையச் சொல்றேன். முப்பது சென்டிமீட்டர் துல்லியம்."

"அப்படியா. பெரிய படிப்புதான்."

ஆக, ட்ரோனோடு அதற்குப் பகை இல்லை. நான்தான் நிழலுக்கு ஆசைப்பட்டு, அதன் வீட்டு வாசலிலிருந்து தினமும் புறப்பட்டிருக்கிறேன். வட்டத்துக்கு வெளியே போனால் அது நம்மைக் கண்டுகொள்வதே இல்லை.

மே 22, வெள்ளி

உபரி நீர் வழியும் கலுங்குப் பக்கத்திலிருந்து ஏற்றினேன். ஒரே நாளில் கண்மாய் முழுவதும் முடிந்தது, வட்டம் தவிர. வரைபடம் அழகாக வந்திருக்கிறது. நடுவில் தோசையைக் கரண்டிக் காம்பால் குத்தியது போல ஓர் ஓட்டை.

நூறு மீட்டர் உயரத்தில் விட்டால் கரிச்சான் ஏறி வரவில்லை. ஆனால் அவ்வளவு உயரத்தில் மட்டத்தில் பத்து சென்டிமீட்டர் பிழை வருகிறது. அனுமதி ஐந்துதான். வேறொரு மூலையாக இருந்தால் விட்டுவிடலாம். இந்த ஓட்டைக்குள்தான் பெரிய மடை இருக்கிறது. வண்டல் அதிகம் சேர்வதும் அங்கேதான். அந்த இடம் இல்லாமல் இந்த வரைபடம் செல்லாது.

கரிச்சான் குஞ்சு பொரித்துப் பறக்கக் கிட்டத்தட்ட பதினெட்டு நாள் என்று மேடத்தின் புத்தகத்தில் இருக்கிறது. நேற்றுத்தான் இரை கொண்டுபோக ஆரம்பித்தது. ஜூன் 8 ஆகிவிடும். கடைசித் தேதி ஜூன் 5.

மே 25, திங்கள்

ஒரே தீர்வு கூட்டை இருநூறு மீட்டர் தள்ளி வேறொரு மரத்தில் வைப்பது. உணர்ச்சிவசப்பட்டு இதில் ஆவது ஒன்றுமில்லை. கேமரா கட்ட வேண்டும் என்று சொல்லி சோலையம்மா அக்காவிடம் ஏணி வாங்கினேன். தலையில் ஹெல்மெட்.

ஏறினேன். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஹெல்மெட்டில் அடித்தன, உள்ளே தகர டப்பாவுக்குள் உட்கார்ந்த மாதிரி சத்தம். கூட்டுக்கு ஒரு கை தூரம்வரை போய்விட்டேன். உள்ளே மூன்று. இறகே இல்லை. கண் திறக்கவில்லை. என் நிழல் விழுந்ததும் அம்மா வந்துவிட்டதாக நினைத்து மூன்றும் வாயைத் திறந்தன.

ஏணி உறுதியாக இல்லை. ஆடியது. இறங்கிவிட்டேன்.

மே 26, செவ்வாய்

ஏணியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"கேமரா கட்டியாச்சா தம்பி?"

"இல்லக்கா. ஏணி ஆடுது."

"எட்டு வருசமா இந்த ஏணியிலதான் எங்க வீட்டு ஓட்டுமேல ஏறுறோம். நேத்து வரைக்கும் ஆடல."

அவர் மோர் கொடுத்தார். குடித்தேன்.

மே 28, வியாழன்

மேடம் வந்தார். நிலவரம் சொன்னேன். ஏணி விஷயம் சொல்லவில்லை. "ஏணி விஷயம் கேள்விப்பட்டேன்," என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

"சார், விதியில மட்டம் அஞ்சு சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்னுதான் போட்டிருக்கு. எதை வச்சு அளக்கணும்னு போடல."

"புரியல."

"மியூசியத்துலருந்து எடுத்துட்டு வரவா?"

புரிந்தது. ஆட்டோ லெவல். ஒருவர் முக்காலியில் தொலைநோக்கி மாதிரி அதை வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொருவர் எண் போட்ட உயரமான ஸ்டாஃப் கட்டையை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஐந்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் வட்டத்துக்குள் முந்நூற்றெண்பது புள்ளி. ட்ரோனுக்கு நான்கு நிமிட வேலை.

"யார் கட்டை புடிக்கிறது?"

"நான் லெவல் பாக்கணும். பாக்கி நீங்கதான் இருக்கீங்க."

ஜூன் 1, திங்கள்

காலை 6.00. முதல் இருபது புள்ளிக்குள் ஆறு அடி. தலைக்குப் பின்னால் வந்து அடிக்கிறது. திரும்பிப் பார்த்தால் எதுவும் தெரியாத மாதிரி மடைக்கல்லில் உட்கார்ந்திருக்கிறது. ஏழாவது அடியில் கட்டையைக் கீழே போட்டேன்.

தூரத்தில் மேடம் லெவல் மேல் கவிழ்ந்தபடி இருந்தார். தோள் குலுங்கியது. அளவு எடுக்கும்போது யாருக்கும் தோள் குலுங்காது.

சோலையம்மா அக்கா எழுந்து வந்தார். "தனியா நடந்தா அடிக்கத்தான் செய்யும். ஆட்டோட ஆடா நடங்க." ஒரு சத்தம் கொடுத்து மந்தையை என்னைச் சுற்றி வளைத்துவிட்டார்.

காரணம் எளிது. ஆடு நடந்தால் புல்லிலிருந்து வெட்டுக்கிளி கிளம்பும். கரிச்சானுக்கு மூன்று வாய் காத்திருக்கிறது. ஆட்டு மந்தை அதற்கு நடமாடும் சமையற்கட்டு. அதற்குள் நான் ஓர் ஆடு. அதன்பின் அடி 0. புள்ளி 118. அடையாளத்துக்குக் கட்டிய கொடித் துணியில் பதினொன்றை ஆடுகள் தின்றுவிட்டன. இதை எந்தப் பாடப்புத்தகமும் பிழைகளில் சேர்க்கவில்லை.

ஜூன் 2, செவ்வாய்

புள்ளி 131, ஆக மொத்தம் 249.

இருநூற்றுப் பன்னிரண்டாவது புள்ளியில் கட்டையை நிமிர்த்தியதும் மேலே லேசாக ஒரு தட்டல். அண்ணாந்தேன். கட்டையின் உச்சியில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. மடைக்கல்லைவிட உயரமான இடம் கிடைத்துவிட்டது என்று முடிவு செய்திருக்கிறது. பிளந்த வால் எனக்கு நேர் மேலே. அங்கிருந்து இறங்கிப் பூச்சி பிடித்தது, கூட்டுக்குப் போனது, திரும்பி வந்து அதே உச்சியில் உட்கார்ந்தது.

ஐம்பது கிராம் எடை மேலே இருப்பதால் அளவில் பிழை ஏதும் வராது.

"அசையாதீங்க," என்று மீனலோசனி கத்தினார்.

"நான் அசையல. பறவை உக்காந்திருக்கு."

"பறவை சும்மாதான் இருக்கு. நீங்க சிரிக்கிறீங்க, கட்டை ஆடுது."

"நான் சிரிக்கல."

"லெவல்ல பாத்துட்டுத்தான் சொல்றேன். இதுல நாப்பது மடங்கு பெருசாத் தெரியும்."

அந்த இயந்திரத்தில் இருபத்துநான்கு மடங்குதான். திருத்தவில்லை.

ஜூன் 3, புதன்

புள்ளி 131. மொத்தம் 380. முடிந்தது. காலை 10.40.

கடைசிப் புள்ளி மடைக்கல்லுக்கு அடியில். மீனலோசனி லெவலை விட்டுவிட்டு நடந்தே வந்து, கட்டைமேல் இருந்த கரிச்சானைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தார். மடைக்கல்லடியில் மூவர் ஆனோம். கரிச்சானையும் சேர்த்துத்தான் மூவர்.

"அன்னைக்கு ஒரு வாக்கியம் பாதியில விட்டுட்டீங்க," என்றேன். "நீங்களும் அளக்குறீங்க, நானும் அளக்குறேன், அதுக்காகன்னு."

"ஞாபகம் வச்சிருக்கீங்களா?"

"பாதி வாக்கியம் எனக்குப் புடிக்காது. அதான்."

"அதுக்காக ஒரே குடும்பம் ஆயிடுமான்னு கேக்க வந்தேன்," என்றார். லெவலைப் பெட்டியில் வைக்கப் போய்விட்டார்.

வாதமாக எடுத்துக்கொண்டால் அது சரியான வாதம்தான். கிங்பேர்டும் கரிச்சானும் ஒரே வேலை பார்ப்பதால் ஒரே குடும்பம் ஆகிவிடாது. பறவைகளைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 5, வெள்ளி

வரைபடம் சமர்ப்பித்தாயிற்று. மடை வாயில் வண்டல் ஒன்றே கால் மீட்டர் கனம். அந்த ஓட்டையோடு கொடுத்திருந்தால் கண்மாய்க்கு நோயே இல்லை என்று வந்திருக்கும்.

மாவட்ட அதிகாரி மடைப் பக்கத்து வட்டத்தைச் சுட்டி, இங்கே மட்டும் கோடுகள் ஏன் வேறு மாதிரி இருக்கின்றன என்று கேட்டார். மீனலோசனி கீழே எழுதியிருந்த குறிப்பைக் காட்டினார். "இவ்வட்டம் நடந்து அளக்கப்பட்டது. காரணம்: கரிச்சான் கூடு." அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தார். முத்திரை குத்தினார்.

இந்த வருடப் பட்டியலில் கொன்னையேந்தல் நான்காவது பெயர். ஆவணியில் தூர் வாருவார்கள். அதற்குள் கூடு காலியாகிவிடும் என்று நான் சும்மா சொல்லிவைத்தேன்.

ஜூன் 9, செவ்வாய்

கொன்னையேந்தல் போனேன். அளக்கும்போது வைத்த ஓர் அடையாளக் கல்லை எடுக்காமல் விட்டிருந்தேன். கல் பெரிதாகத் தேவையில்லை. ஆனாலும் பொருளை விட்டுவிட்டுப் போவது ஒழுங்கில்லை.

மூன்று குஞ்சும் கூட்டுக்கு வெளியே கிளையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வால் இன்னும் வளரவில்லை. பத்தரை மணிக்கு நடுவில் இருந்தது பறந்தது. பறந்தது என்பதைவிட விழாமல் போனது என்பது சரி. மடைக்கல்லில் இறங்கியது. மற்ற இரண்டும் அதைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குள் போய்விட்டன. அந்த நேரம் பார்த்துப் பருந்து ஒன்று கரைக்கு மேல் வந்தது. பெரிய கரிச்சான்கள் இரண்டும் அதை ஊர் எல்லைவரை துரத்திக்கொண்டு போயின. ட்ரோனுக்குக் கொடுத்ததைவிட அதிகமாகவே கொடுத்தன. என்னை மரியாதையாகத்தான் நடத்தியிருக்கின்றன.

"கோழிக்குஞ்சு பதினொண்ணும் முழுசா இருக்கு தம்பி," என்றார் சோலையம்மா அக்கா. "கல்லு எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுக்கா."

"அப்ப அந்த எஞ்சினியர் பொண்ணு எந்தக் கல்ல எடுக்க வந்திருக்கு?"

திரும்பினேன். கரைமேல் ஜீப் நின்றிருந்தது.

ஜூன் 11, வியாழன்

அடுத்த வேலை உறுதியாகிவிட்டது. பக்கத்து ஒன்றியத்தில் இன்னொரு கண்மாய், நூற்றுநாற்பது ஏக்கர். அதற்கும் மேற்பார்வை மீனலோசனிதான். அவர் அலுவலகத்தில் படிவம் நிரப்பினேன். எத்தனை நாள் தேவைப்படும் என்ற கட்டத்தில் வந்து நின்றேன். ட்ரோனுக்கு இரண்டு நாள் வேலை.

"அங்க கரிச்சான் கூடு இருக்குமா?" என்று கேட்டேன். திட்டமிடலுக்காகத்தான் கேட்டேன்.

"நாலு இருக்கு."

"எப்படித் தெரியும்?"

"நேத்தே போய் எண்ணிட்டு வந்துட்டேன்."

நான்கு வட்டம். ஒன்றுக்கு மூன்று காலை, கூடக் கொஞ்சம் எதிர்பாராத தாமதம், ஆடுகள் தின்னும் கொடித் துணி. பதினைந்து நாள் என்று எழுதிக் கொடுத்தேன்.

மீனலோசனி வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்துப் பதினைந்தை அடித்தார். மேலே இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.